தெளிவுரை வேண்டி

மார்ச் 4, திங்கள்

காலையில் நேராக டிப்போவுக்குப் போனேன். பின்சுவரை ஒட்டி நாற்பத்தொரு மின்சார பஸ்கள் நிற்கின்றன. எல்லாம் புதுசு. சிலவற்றில் சீட்டுக்குப் போட்ட பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் கிழிக்கவில்லை. மோட்டாருக்கு எவ்வளவு மின்சாரம் போக வேண்டும் என்று பார்த்துக்கொள்கிற பெட்டி கருகிவிட்டது, அவ்வளவுதான் நோய். கழற்றிக் கப்பலேற்றி, செய்த கம்பெனிக்கே அனுப்பி, அது சரியாகித் திரும்பி வர நாலு மாதம். அதுவரை பஸ் வெயில் காயும்.

ஃபோர்மேன் நாற்பத்திரண்டாவது பஸ்ஸைக் காட்டினார். "இது மட்டும் உங்க பொட்டிய மாட்டிக்கிட்டு பதினோரு மாசமா ஓடுது சார். ஒரு நாள் நின்னதில்ல. இப்படி ரிப்பேரே இல்லாம போனா என்னை வேலையை விட்டுத் தூக்கிடுவாங்க."

எங்கள் பெட்டி. ஆறு வருடம், ஒன்பது பேர். அரசு ஆய்வகம், அரசு தந்த பணம், ஓடுவதும் அரசு பஸ்ஸில். வாங்குவதில் என்ன கஷ்டம் என்று வெளியாள் யாராவது கேட்டால் நான் முழிக்க வேண்டியதுதான்.

மதியம் பஸ் கழகத்தின் டெண்டர் வந்தது. அறுநூறு பெட்டிகள், ஜூன் பதினான்கு மாலை ஐந்து மணி கடைசி. எங்கள் தலைமைப் பொறியாளர் நின்றுகொண்டே படித்தாள். கேன்டீன்காரர் அவளுக்கு மிளகாய் என்று பெயர் வைத்தது சும்மா இல்லை, பதினான்காம் விதிக்கு வந்ததும் முகமே சிவந்துவிட்டது.

'விண்ணப்பிக்கும் நிறுவனம் இதே வகைக் கருவியைக் குறைந்தது நூறு வாகனங்களில், குறைந்தது மூன்று ஆண்டுகள், யாதொரு குறையுமின்றி இயக்கிய அனுபவம் பெற்றிருத்தல் வேண்டும்.'

"நூறு பஸ் யார் சார் நமக்குக் குடுப்பா? வாங்கினாத்தானே ஓட்ட முடியும்? ஓட்டிக் காட்டினாத்தான் வாங்குவாங்களாம். இதை எழுதின ஆள் மட்டும் என் கையில கிடைக்கட்டும்!"

நான் தண்ணீர் குடித்தேன். தாகமில்லை.

அதை எழுதியது நான்.

மார்ச் 5

சொல்லவில்லை.

மார்ச் 9, சனி

பத்தொன்பது வருடம் ஆகிறது. அப்போது நான் பஸ் கழகத்தின் கொள்முதல் பிரிவில் இருந்தேன். ஒரு சின்ன உள்ளூர்ப் பட்டறையில் பிரேக் ஹோஸ் என்கிற ரப்பர் குழாய்களை வாங்கினோம். ஒரு இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் பஸ் சுவரில் மோதியது. பயணிகள் தப்பித்தார்கள், டிரைவருக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். போர்வை ஒரு பக்கம் மட்டும் தட்டையாக இருந்தது. அதற்கப்புறம் ஒரு மாதம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

விசாரணையில் என்னைப் பிழிந்து எடுத்தார்கள். ஏன் வாங்கினாய், யாரைக் கேட்டாய், அவனுக்கு என்ன அனுபவம்? முடிந்ததும் எங்கள் கொள்முதல் தலைவர் கூப்பிட்டு, "இனிமே எவனும் நம்மளைக் கேள்வி கேக்காத மாதிரி ஒண்ணு எழுதிக் குடுப்பா" என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதினேன். நாலு தடவை திருத்தினேன். பிரமாதமாக வந்தது. மின்சார வாரியம் கேட்டு வாங்கியது, குடிநீர்த் துறை வாங்கியது, ஆஸ்பத்திரிகள் வாங்கின. இன்று இந்த அரசு ஒரு திருகாணி வாங்கினாலும் அதில் என் வாக்கியம் இருக்கும். உண்மையைச் சொன்னால், ரொம்ப நாள் எனக்கு அதில் பெருமைதான்.

அப்புறம் ஆய்வகத்துக்கு மாற்றல். வந்த முதல் வருடம் இங்கே தயாரான மீட்டரை யாரும் வாங்கவில்லை. இரண்டாவது வருடம் பம்ப். ஏன் வாங்கமாட்டேன் என்கிறார்கள் என்று நானும் எல்லோருடனும் சேர்ந்து திட்டினேன். உள்ளுக்குள் தெரியாதா எனக்கு? தெரியும். தெரிந்துகொண்டே திட்டினேன்.

மார்ச் 18, திங்கள்

சொல்லிவிட்டேன். சால்டரிங் மேஜை பக்கத்தில் வைத்து. கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"அப்போ ஆறு வருஷமா நான் மல்லுக்கட்டினது உங்ககூடவா சார்?"

ஹோஸ், டிரைவர், கால் எல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டே ஒரு ஒயரின் உறையை உரித்தாள்.

"பயந்தீங்க, எழுதினீங்க. சரி. இப்ப அழிக்கவும் நீங்கதான் வரணும். எழுதத் தெரிஞ்சவருக்கு அழிக்கத் தெரியாதா?"

மனசு கொஞ்சம் லேசானது. மூன்று கம்பெனிகள் கூப்பிட்டும் போகாதவள் இவள். ஒவ்வொரு தடவையும், கொஞ்சம் பொறு, பஸ்ஸில் ஏறிவிட்டால் உன் பெட்டி நாடெல்லாம் ஓடும் என்று நான்தான் பிடித்து நிறுத்தினேன்.

ஏப்ரல் 3, புதன்

தொழில்துறைச் செயலாளரைப் பார்த்தோம். ஒரு மணி நேரம் காக்க வைத்துவிட்டு, உள்ளே அன்பாகத்தான் பேசினார். உள்நாட்டுத் தொழில்நுட்பம் இல்லாமல் முன்னேற்றமே கிடையாது என்றார். அரசு முன்னால் நின்று துணிந்து வாங்கினால்தான் புதுசாக எதுவும் பிழைக்கும், தனியார் வரமாட்டான் என்றார். நாங்கள் சொல்ல வந்ததையெல்லாம் அவரே சொல்லிவிட்டார். அவருடைய கொள்கை அறிக்கையிலும் அப்படியே இருக்கிறதாம், ஒரு பிரதி கொடுத்தார். வழவழ தாள்.

"அப்போ பதினாலாம் விதியை எடுத்துடலாமா சார்?" என்று மிளகாய் கேட்டாள்.

"அது நிதித்துறை அம்மா. நான் எப்படி?"

பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கம் புரட்டினார். இருபத்திரண்டாம் விதி. கருவியை உருவாக்கிய அரசு நிறுவனத்தின் தலைவர், அதன் பாதுகாப்புக்குத் தாமே பொறுப்பு என்று எழுதிக் கையெழுத்திட்டால், அனுபவ விதியைத் தளர்த்தலாம்.

"இதுவரைக்கும் யாரும் போட்டதில்ல. ஆனா வழி இருக்கு பாருங்க. உங்க இயக்குநர் யாரு?"

இயக்குநர் ஓய்வு பெற்று இரண்டு வருடம். இடம் காலி. தற்காலிகமாகப் பார்த்துக்கொள்பவன் நான்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

ஏப்ரல் 22

புத்தாக்க வாரமாம். எங்கள் பெட்டியைக் கண்ணாடிக் கூண்டில் வைத்து, மேலே விளக்கு போட்டு, 'நாளைய தொழில்நுட்பம்' என்று எழுதியிருந்தார்கள். அமைச்சர் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார். "நாளைக்குன்னா எந்த நாளைக்குன்னு கேளுங்க சார்" என்று ஃபோர்மேன் என் காதில் சொன்னார். சிரிப்பை அடக்க முடியவில்லை, இருமுவது போல் நடித்தேன்.

திட்டத்துக்குக் காலக்கெடு செப்டம்பர் முப்பது என்று அங்கேயே கடிதம் கொடுத்தார்கள். அதற்குள் ஆர்டர் இல்லையென்றால் 'பயன் விளையாத திட்டம்' என்று மூடிவிடுவார்கள். ஒன்பது பேரும் ஒப்பந்த ஊழியர்கள். கலைத்துவிடுவார்கள்.

எல்லாம் இப்போது ஒரு கையெழுத்தில் நிற்கிறது. என் கையெழுத்தில்.

மே 8, புதன்

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். மருந்துக் கடையிலிருந்து வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். முப்பது வருடமாக மருந்து எடுத்துக் கொடுக்கிறாள்.

"கையெழுத்துப் போட்டு, நாளைக்கு ஒரு பஸ் எரிஞ்சா, என் தலைதான் உருளும். பென்ஷனை நிறுத்துவாங்க. கோர்ட்டுக்கு அலையணும். ஓய்வுக்கு இன்னும் ஒரே வருஷம்."

"பொட்டி நல்ல பொட்டியா?"

"நல்ல பொட்டி."

"அப்புறம் என்ன? போடுங்க."

அவள் வேண்டாம் என்பாள் என்று நினைத்திருந்தேன். அப்படி நினைத்துக்கொண்டுதான் அவளிடமே போனேன் என்று இப்போது தோன்றுகிறது. என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள்.

"இங்க பாருங்க, போடறதும் போடாததும் உங்க இஷ்டம். ஆனா பொண்டாட்டிக்காக விட்டேன்னு மட்டும் வெளில சொல்லிக்கிட்டுத் திரியாதீங்க. ஒரு நாளைக்கு நூறு பேருக்கு மாத்திரை எடுத்துக் குடுக்கறேன். எந்தக் கையெழுத்து எனக்குக் காவல்?"

மே 23, வியாழன்

எழுபத்திரண்டு மணி நேரச் சூட்டுச் சோதனை முடிந்தது. அடுப்பு மாதிரி அறைக்குள் பெட்டி நிற்காமல் ஓட வேண்டும். ஓடியது. ஐம்பத்தோராவது மணியில் மட்டும் ஒரு அளவு சட்டென்று ஏறி, தானாகவே இறங்கியது. ஒரு நொடி.

மிளகாய் உடனே இறங்கிவிட்டாள். பெட்டியில் குற்றமில்லை, சோதனை மேஜையின் ஒயர் ஒன்று தளர்ந்திருக்கிறது என்றாள். அந்த ஒயரை ஆட்டினாள், அளவு ஏறியது. இறுக்கினாள், நின்றது. மூன்று தடவை செய்து காட்டினாள். பிறகு ஒயரை மாற்றி, மறுபடி எழுபத்திரண்டு மணி நேரத்துக்குப் போட்டிருக்கிறாள்.

"புரிஞ்சுதா சார்?"

புரிந்தது. நானும் பொறியாளன்தான். சந்தேகம் துளிகூட இல்லை.

ஆனாலும் அந்த ஒரு நொடி ஏற்றம் பதிவான சோதனைத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். எதற்கு? எதற்கு வைத்துக்கொண்டேன்?

மே 27

மறு சோதனையும் முடிந்தது. அளவுக் கோடு ஏற்ற இறக்கம் இல்லாமல் நேராக வந்திருக்கிறது. பழைய தாள் இன்னும் பையில் இருக்கிறது.

ஜூன் 6, வியாழன்

டிரைவரைப் பார்த்துவிட்டு வந்தேன். கால் போன பிறகு கழகம் அவருக்குப் பஸ் நிலையத்தில் முன்பதிவுக் கவுன்டரில் வேலை கொடுத்திருந்தது. ஓய்வு பெறும் வயசு அவருக்கும். முடி சுத்தமாக நரைத்துவிட்டது. மதிய இடைவேளையில் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். செயற்கைக் காலை ஒரு கையால் தூக்கி வசதியாக வைத்துக்கொண்டார்.

என்னை அடையாளம் தெரிந்தது. விதி எழுதிய கதையைச் சொன்னேன். உங்களுக்காகத்தான் எழுதினேன், இன்னொரு டிரைவருக்கு அப்படி ஆகக்கூடாது என்றுதான் எழுதினேன் என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேனா, தெரியவில்லை.

"எனக்காகவா?" என்றார். "சார், ஹோஸ்ல ஒண்ணும் இல்ல. அது பழசாயிடுச்சு, அவ்வளவுதான். ரெண்டு வாரமா தினம் எழுதிப் போட்டேன், மாத்துங்க மாத்துங்கன்னு. புது ஹோஸ் ஸ்டோர்லயே கிடந்துச்சு. அதை எடுத்துக் குடுக்க ஒரு கையெழுத்து வேணும். மேல இருந்தவர் லீவு. அவருக்குப் பதிலா பார்த்துக்கிட்டவர் எனக்கு அதிகாரம் இல்லன்னுட்டார்."

விசாரணையில் சொல்லவில்லையா என்று கேட்டேன்.

"சொன்னேனே. பட்டறைக்காரன் அனுபவத்தைப் பத்தித்தான் எல்லாரும் கேட்டாங்க. இதை யாரும் எழுதிக்கல."

நானும் அந்த அறையில்தான் இருந்தேன். என் முறை எப்போது வரும் என்ற கவலையில் இருந்திருப்பேன். காது கேட்டிருக்காது.

கிளம்ப எழுந்தேன். "டீ சாப்பிட்டுப் போங்க சார்" என்றார். அவரே காசு கொடுத்தார்.

ஜூன் 7

போடப்போகிறேன். முடிவாகிவிட்டது. இவ்வளவு தெரிந்த பிறகும் போடாவிட்டால் நான் மனுஷனே இல்லை.

ஜூன் 13, வியாழன்

உறுதிமொழிப் படிவத்தை மிளகாயே தட்டச்சு செய்து, மூன்று பிரதி எடுத்து, என் மேஜையில் வைத்திருக்கிறாள். பேனாவும் வைத்திருக்கிறாள். ஃபோர்மேன் போன் பண்ணி, "நாளைக்கு அஞ்சு மணிக்கு மேல டிப்போல எல்லாருக்கும் காபி, என் செலவு" என்றார். நன்றாகச் சாப்பிட்டேன். வீட்டில் அவள்கூட, என்ன இன்னிக்கு விசில் எல்லாம் அடிக்கிறீங்க என்றாள்.

ஜூன் 14, வெள்ளி

பத்து மணிக்கே படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டேன். 'அடியிற்கண்ட நான், இக்கருவியின் பாதுகாப்புக்கு நானே முழுப் பொறுப்பு என.' படித்தேன். மறுபடி படித்தேன். நான். நானே. இத்தனை வருடமாக எத்தனை ஆயிரம் தாள் எழுதியிருப்பேன், ஒன்றிலாவது 'நான்' என்று எழுதியிருக்கிறேனா? பரிசீலிக்கப்பட்டது. முடிவு செய்யப்பட்டது. ஆணையிடப்படுகிறது. யார் பரிசீலித்தது, யார் முடிவு செய்தது? யாருமில்லை.

ஒரு மணிக்குச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து மூடினேன். இரண்டு மணிக்கு அந்தப் பழைய சோதனைத் தாளை எடுத்துப் பார்த்தேன். ஒயர்தான். தெரியும். மூன்று மணிக்குப் பஸ் எரிவது போலத் தோன்றியது. எந்த பஸ்? பேனா மூடியைத் திறக்கிறேன், மூடுகிறேன். கை வரமாட்டேங்குது. என்னடா இது, ஒரு கையெழுத்துடா, பள்ளிக்கூடப் பிள்ளை போடும்டா!

நாலு மணிக்கு வேறொரு தாளை எடுத்தேன்.

'விதி 22-இல் குறிப்பிடப்பட்டுள்ள "நிறுவனத்தின் தலைவர்" என்னும் சொல், தற்காலிகமாகப் பொறுப்பு வகிக்கும் அலுவலரையும் உள்ளடக்குமா என்பது குறித்துத் தெளிவுரை வேண்டப்படுகிறது. தெளிவுரை கிடைக்கப்பெற்றதும் உறுதிமொழி உடன் சமர்ப்பிக்கப்படும்.'

தங்குதடையில்லாமல் வந்தது. ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. கீழே கையெழுத்துப் போட்டேன். இதில் போட முடிந்தது.

நாலு நாற்பதுக்கு மிளகாய் உள்ளே வந்தாள். உறுதிமொழியைத் தேடினாள், இதைப் பார்த்தாள். நின்றபடி முழுவதும் படித்தாள். கத்து, திட்டு, அந்தப் பேப்பர் வெயிட்டை எடுத்து என் மேல் எறி என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

"நல்லா எழுதியிருக்கீங்க சார்" என்றாள். தாளை எடுத்த இடத்திலேயே, நேராக வைத்துவிட்டுப் போனாள்.

ஐந்து மணி ஆகும்வரை நான் எழுந்திருக்கவில்லை. இருபது நிமிடம் இருந்தது. இருபது நிமிடமும் படிவம் கண்ணெதிரே இருந்தது.

ஜூன் 15

வீட்டில் அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

ஜூலை 2, செவ்வாய்

டெண்டர் முடிவு. அறுநூறும் அதே வெளிநாட்டுக் கம்பெனிக்கு. அவர்களுக்கு அனுபவம் இருக்கிறதே.

'யாதொரு குறையுமின்றி' என்பதற்குச் சான்று கேட்டிருக்கிறார்கள். கம்பெனிக்காரர்கள் அந்த டிப்போவில் பஸ்கள் ஓடிய நாட்களை மட்டும் கணக்குக் காட்டிச் சான்று வாங்கியிருக்கிறார்கள். கருகி நின்ற நாட்கள் 'பராமரிப்புக் காலம்' என்பதால் சேராதாம்.

ஆகஸ்ட் 20

தெளிவுரை வந்தது. ஒரே வரி.

'ஆம். உள்ளடக்கும்.'

செப்டம்பர் 30, திங்கள்

கலைத்துவிட்டார்கள். ஒன்பது பேருக்கும் ஒரே மாதிரி கடிதம், அனுப்பியது நான். பகல் முழுவதும் சாமான் கணக்கெடுப்பு. சோதனை அறையின் அடுப்பை யாரோ பழைய இரும்புப் பட்டியலில் சேர்த்திருந்தார்கள். நாற்பத்திரண்டாவது பஸ்ஸிலிருந்த எங்கள் பெட்டியையும் கழற்றச் சொல்லி உத்தரவு. அனுமதிக்கப்படாத கருவியாம். பதினெட்டு மாதம் ஓடியதைக் கழற்றிவிட்டு, புதுசாக வந்ததை மாட்டினார்கள்.

மிளகாய் லிஃப்ட் கம்பெனி ஒன்றில் சேர்கிறாள். விடைபெற வந்தாள். நான் எழுந்து நின்றேன், எதற்கென்று தெரியாமல்.

"மன்னிச்சிடும்மா" என்றேன். வேறு என்ன?

"கோபம் எல்லாம் போயிடுச்சு சார். உங்க மேல கோபம் இருந்த வரைக்கும் நல்லா இருந்தேன். ஏதோ ஒரு மோசமான ஆள் கெடுத்துட்டார்னு நினைச்சுக்கலாம். ஆனா நீங்க நல்லவரு. அதான் எனக்கு இனிமே இந்த வேலைல மனசு ஒட்டாது."

வாசல் வரை போனேன். ஆட்டோவில் ஏறும்போது திரும்பிப் பார்க்கவில்லை. நானாக இருந்தாலும் பார்த்திருக்க மாட்டேன்.

நவம்பர் 11

ஆள் இல்லாத அறைகள். கேன்டீனில் டீ போடுவதையே நிறுத்திவிட்டார்கள்.

டிசம்பர் 4, புதன்

ஆய்வகத்தை மூடவில்லை. மூட ஒருவர் கையெழுத்துப் போட வேண்டுமாம், அதுவும் கிடைக்கவில்லை போலிருக்கிறது. அதனால் புதுப் பணி ஒதுக்கியிருக்கிறார்கள். புதுப் பெட்டிகளும் கருக ஆரம்பித்துவிட்டன. வெளிநாட்டுக்குப் பழுதுபார்க்க அனுப்ப வேண்டுமானால் சுங்கத்துறைக்கு ஒரு தொழில்நுட்பச் சான்று தேவை. அதைக் கொடுக்கத் தகுதியுள்ள ஒரே அரசு நிறுவனம் எங்களுடையது.

பிப்ரவரி 11, செவ்வாய்

இன்று பதினேழு பெட்டிகள் வந்தன. ஃபோர்மேனே வண்டியில் கொண்டுவந்து இறக்கினார். இப்போதெல்லாம் அவர் தமாஷ் பேசுவதில்லை. "போடுங்க சார், நேரமாச்சு" என்று மட்டும் சொன்னார்.

ஒன்றைத் திறந்து பார்த்தேன், பழக்கதோஷம். உள்ளே ஒரு சின்னப் பாகம்தான் போயிருக்கிறது. மிளகாய் இருந்தால் அரை மணி நேர வேலை, விசிலடித்துக்கொண்டே முடித்துவிடுவாள். மூடி வைத்தேன்.

சான்றில் ஒரே ஒரு வாக்கியம்தான். 'இப்பழுதைச் சரிசெய்வதற்கான தொழில்நுட்பம் நம் நாட்டில் இல்லை என நான் உறுதியளிக்கிறேன்.'

பதினேழிலும் கையெழுத்துப் போட்டேன். சாப்பாட்டு நேரத்துக்குள் முடிந்துவிட்டது.